ஒரு சொட்டுக் கடலில் நடக்கும் பந்தி

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈஞ்சம்பாக்கம் கரைகளில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. வாட்ஸ்அப்பில் படங்கள் பரவ, தூக்கத்தை விட்டுவிட்டு ஆட்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரி பெருகியதால் வந்த ஒளி அது என்று மறுநாள் பலருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த உயிரி ஒளியை எதற்காக வைத்திருக்கிறது? அலையை அலங்கரிக்க இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கடலில் ஒளிரும் ஒற்றைச்செல் உயிரிகள் பலவும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. (டைனோசரோடு உறவு ஏதுமில்லை. இங்கே டைனோ என்பது சுழல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இனி சுருக்கமாக டைனோ என்றே எழுதுகிறேன்.) சுற்றியுள்ள நீர் சட்டென்று இழுபட்டுச் செல்லின் மேலுறை அழுந்தினால், டைனோ பத்தில் ஒரு வினாடி மின்னி அடங்கும். அலை உடைவதும் அப்படியோர் அழுத்தம்தான். ஆனால் இந்த ஏற்பாடு அலைக்காக உருவானதாகத் தெரியவில்லை. டைனோவைத் தின்ன வரும் ஒரு பொடிப் பிராணிக்காக உருவானது. அரிசி நொய்யளவு இருக்கும் அந்தப் பிராணி இறாலின் தூரத்துச் சொந்தம், பெயர் கோப்பிபாடு. கிரேக்கத்தில் துடுப்புக்கால் என்று பொருள்.

மின்னலைக் கண்டு கோப்பிபாடு துள்ளி விலகுவது ஒரு பயன். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. வீட்டுக்குள் திருடன் நுழைந்ததும் விளக்கைப் போட்டு ஊரைக் கூட்டுவதுபோல, அந்த ஒளி கோப்பிபாடு இருக்கும் இடத்தை மீனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. 1993-இல் வெளியான ஒரு சோதனையில் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீன்களை இருட்டுத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். ஒளிரும் டைனோக்கள் இருந்தபோது கோப்பிபாடுகள் கூடுதலாக மாட்டிக்கொண்டன. அப்படிப் பார்த்தால் அன்றிரவு சென்னைக் கரையில் ஒளிர்ந்தது, திருடனே இல்லாமல் அலை தட்டியதால் ஒரேயடியாக அடித்த அபாய மணி.

கடலில் நீரோட்டத்தின் போக்கில் அலைந்து திரியும் இவற்றையெல்லாம் சேர்த்து பிளாங்க்டன் என்று 1887-இல் பெயரிட்டவர் ஜெர்மானியரான விக்டர் ஹென்சன். தமிழில் மிதவை உயிரிகள். பாடநூல் படத்தில் இது ஒரு நேர்க்கோடு: தாவர மிதவையை விலங்கு மிதவை தின்னும், அதைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். நடுவில் அம்புக்குறிகள். படம் பொய்யில்லை. ஆனால் அந்த முதல் அம்புக்குறியை மட்டும் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், கோடு கலைந்துபோகிறது. பந்தியில் யார் இலை, யார் விருந்தாளி என்பதே சில இடங்களில் குழம்பிப்போகிறது.

முதலில் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் கடலில் நீந்தும்போது கை வீசுவதை நிறுத்தினாலும் உடல் சற்றுத் தூரம் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பிராணிக்கு அந்தச் சலுகை மிகக் குறைவு; அதில் நூறில் ஒரு பங்கு இருக்கும் பாசிச் செல்லுக்கு அறவே இல்லை. உடல் சிறுக்கச் சிறுக்க நீரின் பிசுபிசுப்பு ஓங்கிவிடும். வெல்லப்பாகில் விழுந்த எறும்பின் பாடுதான். துடுப்பு நின்ற கணத்தில் உடலும் நின்றுவிடும். இரையை நோக்கிக் கையை நீட்டினால் கையோடு ஒட்டிய நீர் இரையையும் தள்ளிக்கொண்டு போகும். பாகில் கிடக்கும் ஏலக்காய் விதையை விரலால் எடுக்கப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கோப்பிபாட்டின் வாயருகே சீப்புப் பற்கள்போல் மயிர் வரிசைகள் உண்டு. அதைப் பார்த்தவர்கள் வெகுகாலம் அதை ஒரு வடிகட்டி என்றே நினைத்தார்கள். தேநீர் வடிகட்டியில் தூள் தங்குவதுபோலப் பாசி தங்கும், நீர் வெளியேறும் என்று எண்ணம். 1980-ஐ ஒட்டி ரூடி ஸ்ட்ரிக்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கோப்பிபாட்டை மெல்லிய முடியில் ஒட்டிக் கட்டிப்போட்டு, அதிவேகப் படக்கருவியால் அது சாப்பிடுவதைப் படமெடுத்தார்கள். வடிகட்டிக் கதை அதோடு சரிந்தது. மயிர்களுக்கு இடையில் உள்ள சந்து அவ்வளவு குறுகல், நீர் அவ்வளவு பிசுக்கு. அதனால் நீர் சந்துகளில் புகவே பெரும்பாலும் மறுக்கிறது. சீப்பு, சீப்பாக இல்லாமல் துடுப்பாக வேலை செய்கிறது. சில கால்களால் நீரை இழுத்து ஓர் ஓட்டம் உண்டாக்கி, அதில் ஒரு பாசிச் செல் மிதந்து வந்ததும் வாயருகே உள்ள இரண்டு கைகளை விரித்து, அந்தச் செல்லைச் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து அள்ளுகிறது. பாகோடு சேர்த்து ஏலக்காயை எடுப்பதுபோல.

ஒளியை உணருமே தவிர உருவத்தைக் காணாத கோப்பிபாட்டுக்கு எப்படிப் பாசி இருக்குமிடம் தெரியும்? வாசனையால் என்று ஒரு அழகான விளக்கம் முதலில் வந்தது. பாசியைச் சுற்றி அதன் கசிவு ஒரு சிறு மேகம்போல் நிற்கும், நீரோட்டம் அந்த மேகத்தை நீட்டி முன்னால் கொண்டுவரும், ஆகவே செல் வருமுன் அதன் மணம் வந்துவிடும். படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன விளக்கம் இது. ஆனால் 2015-இல் டெமோரா என்ற இனத்தை டென்மார்க்கில் கூர்ந்து படமெடுத்தபோது, பாசி கிட்டத்தட்ட மேலே பட்ட பிறகுதான் அது கவனிக்கிறது என்று தெரியவந்தது. அசையாத இரை என்றால் தொட்டுத் தடவித்தான். அசையும் இரை என்றால் கதை வேறு: கோப்பிபாட்டின் நீண்ட உணர்கொம்புகளில் உள்ள மயிர், மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் நரம்பு அதைப் பதிவு செய்யும். நீரின் நடுக்கமே அதற்குக் காது, கண் எல்லாம்.

எல்லாக் கோப்பிபாடுகளும் ஓட்டம் உண்டாக்கி உண்பவை அல்ல. ஒய்தோனா என்ற சின்ன இனம், கொக்குபோல அசையாமல் காத்திருக்கும். நீந்தும் இரை ஏதாவது அருகில் வந்து நீரை நடுங்கவைத்தால் ஒரே பாய்ச்சல். டேனிஷ் கடலியலாளர் தாமஸ் கியோர்போ இந்த இரண்டு பிழைப்பையும் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு எழுதிவருகிறார். அவர் தரும் ஒரு கணக்கு நினைவில் நிற்கக்கூடியது: கடலில் உணவு அவ்வளவு ஐது, ஒரு விலங்கு மிதவை பிழைக்க வேண்டுமானால் நாளொன்றுக்குத் தன் உடலின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு நீரில் உள்ள இரையைத் துழாவியெடுக்க வேண்டும். ஓட்டம் உண்டாக்கினால் அவ்வளவு நீரைத் தொட முடியும். ஆனால் அந்த ஓட்டமே இரைச்சல். அதைக் கேட்டு வேறு யாராவது வருவார்கள். பதுங்கியிருந்தால் சத்தமில்லை, சாப்பாடும் குறைவு. பசியா பயமா என்ற இந்தக் கணக்கை ஒவ்வோர் இனமும் தனக்கேற்றபடி போட்டுவைத்திருக்கிறது.

தப்பிப்பதிலும் கோப்பிபாடு லேசுப்பட்டதில்லை. சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அது துள்ளிவிடும். அந்தத் துள்ளலின் வேகம் வினாடிக்கு உடல் நீளத்தைப்போல் பல நூறு மடங்கு. முதுகெலும்புள்ள பிராணிகளின் நரம்புகளைச் சுற்றியிருப்பது போன்ற, செய்தி வேகமாக ஓட உதவும் மயலின் உறை சில கோப்பிபாடுகளுக்கும் உண்டு என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு உஷாரான பிராணியைப் பிடிக்க ஒரே வழி, நீரை நடுங்கவைக்காமல் நெருங்குவது. அதைச் செய்து காட்டியது கண்ணாடிபோன்ற, மூளையோ கண்ணோ இல்லாத ஒரு சீப்பு ஜெல்லி.

நெமியோப்சிஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் அட்லான்டிக் கரையைச் சேர்ந்தது. கப்பல்கள் நிலைத்து நிற்பதற்காகத் தொட்டியில் நிரப்பிவரும் நீரோடு அது கருங்கடலுக்குள் வந்தது. 1982-இல் முதலில் கண்ணில் பட்டது. 1989 வாக்கில் கடலெங்கும் ஜெல்லியாக இருந்தது. அதன் உடல் மடிப்புகளில் உள்ள நுண்மயிர்கள் நீரை இழுக்கும் விதம் அவ்வளவு மென்மை, கோப்பிபாட்டின் உணர்கொம்புகளுக்கு அது நடுக்கமாகவே படுவதில்லை. தான் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் வந்துவிட்டோம் என்று தெரியும்போது வழி அடைபட்டிருக்கும். 2010-இல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. கருங்கடலின் நெத்திலி மீன்பிடி அந்த ஆண்டுகளில் சரிந்ததற்கு அளவுமீறிய வலைவீச்சும் காரணம்தான். ஆனால் நெத்திலியின் உணவையும் அதன் முட்டை, குஞ்சுகளையும் ஜெல்லி தின்றதும் சேர்ந்துகொண்டது. 1997-இல் பெரோயே என்ற வேறொரு சீப்பு ஜெல்லி அங்கே தோன்றியது. அதற்கு நெமியோப்சிஸ்தான் சாப்பாடு. யாரும் திட்டம் போடாமலே ஜெல்லிக் கூட்டம் குறைய ஆரம்பித்தது.

இவ்வளவு நேரம் கோப்பிபாட்டைப் பற்றியே பேசிவிட்டேன். கடலியலாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் செய்தார்கள். வலையில் சிக்குவது, கண்ணுக்குத் தெரிவது, குடுவையில் பல நாள் வைத்திருக்கக்கூடியது; ஆகவே கடலின் புல்லை மேய்கிற மாடு கோப்பிபாடுதான் என்று முடிவு. 1974-இல் லாரன்ஸ் பொமராய் இதைக் கேள்வி கேட்டார். 1983-இல் லாகூரில் பிறந்த ஃபாரூக் ஆசமும் உடன் எழுதியவர்களும் கடலின் பாக்டீரியாக்களையும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிரிகளையும் ஒரு தனிச் சுற்றாக வரைந்து காட்டினார்கள். ஆனால் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று அளப்பது எப்படி? தின்பவனும் தின்னப்படுவதும் ஒரே அளவு, ஒரே குடுவையில். வலைபோட்டுப் பிரிக்க முடியாது.

மைக்கேல் லாண்ட்ரியும் ஹாசெட்டும் 1982-இல் சொன்ன வழி அலாதியானது. கடல்நீரை எடுத்துப் பல குடுவைகளில் ஊற்றுங்கள். சிலவற்றில் நன்றாக வடிகட்டி உயிரெல்லாம் நீக்கிய கடல்நீரைக் கலந்து நீர்க்கச் செய்யுங்கள். நீர்த்த குடுவையில் மேய்பவனும் பாசியும் ஒருவரையொருவர் சந்திப்பது குறையும். திருவிழாக் கூட்டம் கலைந்த தெருவில் தெரிந்த முகம் எதிர்ப்படாததுபோல. பாசி பெருகும் வேகமோ நீர்த்தாலும் மாறாது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால், அதிகம் நீர்த்த குடுவையில் பாசி நன்றாகப் பெருகியிருக்கும், நீர்க்காத குடுவையில் குறைவாக. அந்த வித்தியாசத்தின் சரிவே மேய்ச்சலின் அளவு. ஒருவரையும் பிரித்தெடுக்காமல், கூட்டத்தைக் கலைத்தே கணக்கை எடுத்துவிட்டார்கள்.

உலகின் பல கடல்களில் இந்த முறையில் செய்த சோதனைகளை ஆல்பர்ட் கால்பெட்டும் லாண்ட்ரியும் 2004-இல் திரட்டினார்கள். கடலில் ஒவ்வொரு நாளும் உண்டாகும் தாவர மிதவையில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்மேய்பவர்கள்: உடல்மேல் நுண்மயிர்கள் கொண்ட சிலியேட்டுகள், சாட்டைபோன்ற இழையால் நீந்தும் கசையிழை உயிரிகள், டைனோக்கள். பெரும்பாலும் ஒற்றைச்செல். மாடு என்று நினைத்த கோப்பிபாடு பல நாள் இவற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. பூமியின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், உலகின் மிகப் பெரிய மேய்ச்சலைச் செய்பவர்களில் பலருக்கு வாயே கிடையாது.

ஏன் இப்படி என்பதற்கு அளவே காரணம். 1988-இல் சாலி சிஷோமும் ராப் ஓல்சனும் உடன் உழைத்தவர்களும் புரோக்ளோரோகாக்கஸ் என்ற நீலப்பச்சை பாக்டீரியாவை அறிவித்தார்கள். விட்டம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெப்பக் கடல்களில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் இருக்கும். கோப்பிபாட்டின் கைக்கு அது தூசு. பிடிக்க முடியாது, பிடித்தாலும் கட்டாது. இரையைவிட வேட்டையாடி எத்தனை மடங்கு நீளம் என்று 1994-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் தொகுத்த கணக்கில் கோப்பிபாட்டுக்குப் பொருத்தமான இரை தன்னைப்போல் 18-இல் ஒரு பங்கு. சிலியேட்டுக்கு 8-இல் ஒரு பங்கு. கசையிழை உயிரிக்கு மூன்றில் ஒரு பங்கு. டைனோவுக்கு? ஒன்றுக்கு ஒன்று. தன் அளவு உள்ளதையே அது தின்கிறது.

தன் அளவு மட்டுமா, தன்னைவிடப் பெரியதையும். புரோட்டோபெரிடினியம் என்ற டைனோ கண்ணாடிச் சங்கிலிபோல நீண்டிருக்கும் டையாட்டம் என்ற பாசியைக் கண்டால், ஒரு மெல்லிய இழையை வீசிக் கட்டிக்கொள்ளும். பிறகு தன் உடலிலிருந்து சவ்வு ஒன்றை வெளியே விரித்து, வலை போர்த்துவதுபோல் இரை முழுவதையும் மூடிவிடும். செரிமானம் சவ்வுக்குள்ளேயே, உடலுக்கு வெளியே நடக்கும். சாறு உள்ளே போனதும் சவ்வு சுருங்கும், வெறும் கண்ணாடிக் கூடு மிதந்து போகும். கார்லோடினியம் போன்ற வேறு சில டைனோக்கள் உறிஞ்சுகுழல் ஒன்றை இரைக்குள் செருகி இளநீர் குடிப்பதுபோல் உள்ளிருப்பதைக் குடிக்கின்றன.

இந்த இடைத்தரகர்கள் கூடுவதால் மீனுக்கு என்ன ஆகும் என்பதைத் தோராயக் கணக்கில் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1,000 கிலோ டையாட்டத்தைக் கோப்பிபாடு தின்று, அதை மீன் தின்றால் மீன் 10 கிலோ. அதே 1,000 கிலோ புரோக்ளோரோகாக்கஸாக இருந்தால், அது கசையிழை உயிரிக்கும் அங்கிருந்து சிலியேட்டுக்கும் பிறகு கோப்பிபாட்டுக்கும் போய் மீனை அடையும்போது 100 கிராம். (ஒற்றைச்செல் உயிரிகள் இதைவிடச் சிக்கனமாகவே உண்கின்றன, ஆகவே நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனால் திசை இதுதான்.) தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலே வந்து டையாட்டம் பெருகும் கேரளக் கரையில் மத்தி கொழிப்பதற்கும் இதுவே அடிப்படை. மத்தி டையாட்டத்தை நேரடியாகவே தின்னக்கூடியது. இடைத்தரகர் செலவு அதற்கு இல்லை.

தின்னப்படுபவை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. டையாட்டத்தின் கூடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி. அதை உடைக்கக் கோப்பிபாட்டின் தாடையிலும் சிலிக்காவால் ஆன பற்கள்! அந்தப் பற்களுக்கு அடியில் ரப்பர்போல நெகிழும் புரதம் இருப்பதை 2012-இல் ஜெர்மனியில் கண்டார்கள். கடினமான கூட்டைக் கடிக்கும்போது பல் தெறிக்காமலிருக்க உதவும் மெத்தை அது. இதற்குப் பதிலடியாக, மேய்பவன் நடமாட்டம் தெரிந்தால் சில டையாட்டங்கள் தங்கள் கூட்டில் கூடுதல் சிலிக்காவைச் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்கெலிடோனிமா என்ற டையாட்டம் வேறு வழி எடுக்கிறது. கோப்பிபாட்டின் வாடை வந்ததும் நீண்ட சங்கிலியைத் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. சிறு துண்டுகள் எளிதில் பிடிபடுவதில்லை.

ஃபியோசிஸ்டிஸ் என்ற பாசியின் புத்திசாலித்தனம் இதைவிட ஒருபடி மேல். புத்தி என்று ஒன்று அதற்கு இல்லை, ஆனாலும் வேறு சொல் கிடைக்கவில்லை. அது தனிச்செல்லாகவும் இருக்கும், கோழைப் பந்துக்குள் பல செல்கள் சேர்ந்த கூட்டமாகவும் இருக்கும். தனிச்செல் சிலியேட்டுக்கு ஏற்ற கவளம். பெரிய பந்து கோப்பிபாட்டுக்கு ஏற்ற கவளம். சிலியேட்டு மேய்ந்த நீரை அதன்மேல் ஊற்றினால் பந்துகள் கூடுகின்றன. கோப்பிபாடு மேய்ந்த நீரை ஊற்றினால் பந்துகள் குறைகின்றன. 2007-இல் வெளியான சோதனை இது. வந்திருக்கும் எதிரி யார் என்று பார்த்து அதன் வாய்க்குப் பொருந்தாத உருவத்தை எடுக்கிறது.

அந்த வாடை எது என்பதும் இப்போது தெரியும். கோப்பிபாடுகளிடமிருந்து கசியும் ஒருவகைக் கொழுப்புப் பொருள்கள். கோப்பிபோடமைடுகள் என்று சுவீடனின் எரிக் செலாண்டரும் குழுவும் 2015-இல் பெயரிட்டார்கள். இம்மியளவு போதும், அலெக்சாண்ட்ரியம் என்ற டைனோ தன் நஞ்சைப் பல மடங்கு கூட்டிவிடும். அதே குழு 2019-இல், சென்னைக் கரை ஒளிர்ந்த அதே ஆண்டில், ஒளிரும் டைனோ ஒன்று கோப்பிபாட்டின் வாடை பட்டதும் ஒளியைக் கூட்டுவதையும் காட்டியது. அலெக்சாண்ட்ரியம் போன்ற டைனோக்கள் சுரக்கும் சாக்சிடாக்சின் வகை நஞ்சுகளை மட்டிகளும் சிப்பிகளும் வடிகட்டித் தங்கள் சதையில் சேர்த்துவைக்கும். அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்ற மனிதனுக்கு உதடு மரத்து, கை கால் விழுந்து, மூச்சு நிற்கும். 1981-இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி தின்ற 3 பேர் இந்த வகை நஞ்சால் இறந்தார்கள். 80-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

நஞ்சு எப்போதும் தின்றவனைத்தான் கொல்லும் என்றில்லை. 1999-இல் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள், டையாட்டத்தை வயிறார உண்ட தாய்க் கோப்பிபாட்டின் முட்டைகள் பொரியாமல் போவதைக் காட்டினார்கள். டையாட்டத்தின் செல் உடையும்போது உண்டாகும் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் கருவைக் கெடுக்கின்றன. உடைந்த செல் பிழைக்கப்போவதில்லை. அதன் உறவுகளை மேய அடுத்த தலைமுறை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். எமிலியானியா என்ற பாசியிலும் இப்படித்தான்: கடிபட்டதும் அதனுள் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மம் உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிவரும். கடல்வாடை என்று நாம் இழுத்து மூச்சுவிடுவதில் ஒரு பங்கு இந்த வாயுதான். பெட்ரல் போன்ற கடற்பறவைகள் இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மேய்ச்சல் நடக்கும் இடத்துக்குப் பறந்து வருவதை 1995-இல் கேப்ரியல் நெவிட் எழுதினார். திருடனைக் காட்டிக்கொடுக்கும் அபாய மணி என்றேனே, இது அதன் பகல்நேரப் பதிப்பு.

ஒளிந்துகொள்வதும் ஒரு வழி. விலங்கு மிதவைகள் பலவும் பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வந்து மேய்கின்றன. இரண்டாம் உலகப்போரில் ஒலிக்கருவியால் ஆழம் பார்த்தவர்களுக்கு, கடலடியே மாலையில் எழுந்து காலையில் இறங்குவதுபோல் ஒரு படலம் தெரிந்தது. மார்ட்டின் ஜான்சன் 1945-இல் அது உயிர்க்கூட்டம் என்று உறுதிசெய்தார்.

இனி, இலை எது விருந்தாளி யார் என்ற குழப்பத்துக்கு வருகிறேன். மீசோடினியம் ரூப்ரம் என்ற சிலியேட்டு கடலைச் சிவப்பாக்கும் அளவு பெருகக்கூடியது. விலங்குபோல் வேட்டையாடுவது. ஆனால் கிரிப்டோஃபைட் என்ற சிறு பாசியைத் தின்னும்போது, அதன் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை வைத்தே ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கும். திருட்டு அடுப்பில் சமையல். டினோஃபைசிஸ் என்ற டைனோவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாமல் பல பத்தாண்டுகள் திணறினார்கள். அதுவும் பசுமையாக இருந்ததால் ஒளியும் உரமும் கொடுத்துப் பார்த்தார்கள், வளரவில்லை. 2006-இல் கொரிய ஆய்வாளர்கள் மீசோடினியத்தைத் தின்னக் கொடுத்தார்கள். வளர்ந்தது. டினோஃபைசிஸ் உறிஞ்சுகுழலைச் செருகி மீசோடினியத்திடமிருந்து பசுங்கணிகத்தை உறிஞ்சிக்கொள்கிறது. திருடனிடம் திருடியது. அந்தக் கிரிப்டோஃபைட்டும் உரிமையாளன் அல்ல: அதன் மூதாதை ஒரு சிவப்புப் பாசியை விழுங்கிச் செரிக்காமல் விட்டதால்தான் அதற்குப் பசுங்கணிகம் வந்தது. சிவப்புப் பாசியின் மூதாதையோ ஒரு நீலப்பச்சை பாக்டீரியாவை விழுங்கியது. நான்கு வாய் மாறி வந்த ஒரே பொருள், இன்னும் வெயிலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பாடநூல் அம்புக்குறியை இதற்கு எந்தப் பக்கம் போடுவது?

நாக்டிலூக்காவிடம் திரும்பலாம். கால் மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும் உருண்டை, வெறுங்கண்ணுக்கே தெரியும். டைனோவாக இருந்தும் நீந்தத் தெரியாது. உடலுக்குள் அம்மோனியம் நிறைந்த நீரைத் தேக்கி லேசாகி மிதக்கும். பிசுபிசுப்பான ஒரு நீட்சியால் டையாட்டம், கோப்பிபாட்டின் முட்டை, மீன் முட்டை என்று ஒட்டியதையெல்லாம் உள்ளே தள்ளும். தன்னைத் தின்னக்கூடிய கோப்பிபாட்டின் சந்ததியையே தின்பது இது. இந்தியப் பெருங்கடலிலும் தென்கிழக்காசியாவிலும் இதன் பச்சை வடிவம் உண்டு. அதன் உடலறைக்குள் ஆயிரக்கணக்கான பச்சைக் கசையிழை உயிரிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும், ஒளிச்சேர்க்கை செய்து வீட்டுக்காரருக்கு உணவு கொடுக்கும். இரை கிடைத்தால் வேட்டை, கிடைக்காவிட்டால் வயிற்றுக்குள் தோட்டம்.

வடக்கு அரபிக்கடலில் குளிர்காலத்தில் பெருகியது முன்பெல்லாம் டையாட்டம். 2000-க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. ஓமன் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் குழாய் வரை அது அடைத்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த ஆழநீர் மேலே வருவதே காரணம், உள்ளிருக்கும் பச்சை உயிரி அந்த நீரில் நன்றாக வேலை செய்கிறது என்று ஜோக்கிம் கோயஸ், ஹெல்கா கோமஸ் குழு 2014-இல் வாதிட்டது. 2018-இல் வெளியான இந்திய ஆய்வு இதை ஏற்கவில்லை. வடகிழக்கு அரபிக்கடலில் பெருக்கம் நிகழ்ந்த மேல்நீரில் ஆக்சிஜன் குறையவே இல்லை என்று அளவைக் காட்டியது. எனக்கு இரண்டாவது தரப்பின் அளவீடுகள் வலுவாகத் தோன்றுகின்றன, ஆனால் டையாட்டம் ஏன் தோற்றது என்பதற்கு அதில் முழு விடை இல்லை.

மன்னார் வளைகுடாவில் இதைப் பூங்கோரை என்பார்கள். 2008 அக்டோபரில் அங்குள்ள தீவுகளைச் சுற்றிப் பவளங்களும் மீன்களும் மடிந்தன. 2019 செப்டம்பரில், சென்னை ஒளிர்ந்து சில வாரங்களில், மண்டபம், பாம்பன் கரையில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூக்கா சாக்சிடாக்சின் போன்ற நஞ்சைச் சுரப்பதில்லை. அடர்ந்து பெருகி, பிறகு கூட்டமாகச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மிதப்பதற்காகத் தேக்கிவைத்த அம்மோனியாவும் கலக்கும். இவ்வளவு பெரிய உருண்டையைப் பெருமளவில் விழுங்கக்கூடியவை சால்ப் என்ற கண்ணாடிக் குழல் போன்ற மிதவைகளும் ஜெல்லி மீன்களும்தான். டையாட்டம் பெருகிய கடலில் மத்தியும் கானாங்கெளுத்தியும் மேய்ந்தன. நாக்டிலூக்கா பெருகிய கடலில் வலையை இழுத்தால் வருவது சொறி என்கிற ஜெல்லி மீன்.